கூட யார் வந்திருக்கிறார்கள்?

(ஆஸ்பத்திரி ஆதரவாளர்களின் வருடாந்தரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



திருமங்கலம், மேலூர், மானாமதுரை என்று பல ஊர்ச் சபைகளிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். அறுப்பின் பண்டிகையில் நெல்லும் பூசணிக்காயும் ஏலம் போட்டுக் கிடைத்த பணத்தில் ஒரு பங்கை, முகம் தெரியாத வியாதியஸ்தருக்கென்று வருஷந்தோறும் எடுத்துவைக்கிறவர்கள் நீங்கள். அந்தக் காணிக்கை எங்கே போய்ச் சேர்ந்தால் அதிகப் பிரயோஜனமாயிருக்கும் என்பதைப் பற்றி, சில நாள் நோயாளியாகவும் படுத்துக் கிடந்தவன் என்ற முறையில், சில வார்த்தைகள் சொல்லலாமென்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்பது. பெயர், வயது, ஊர் கேட்பார்கள். அடுத்து இதைக் கேட்பார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர் அவர்தான். ரத்தத்தை லேபுக்குக் கொண்டுபோவதும், இட்லியும் கஞ்சியும் வாங்கி வருவதும், ராத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்ததும் நர்சம்மாவைக் கூப்பிடுவதும், படுக்கையில் பாத்திரம் வைத்து எடுப்பதும் அவர்தான். பகலெல்லாம் இதைச் செய்துவிட்டு, இரவில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். அவருக்குச் சம்பளம் கிடையாது. வருகைப் பதிவேட்டில் பெயரும் கிடையாது. ஆனாலும் நம் ஆஸ்பத்திரிகளில் பாதி வேலை அவர் கையில்தான் நடக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வருகிற நண்பர்கள் நம் வார்டுகளைப் பார்த்து, இவ்வளவு கூட்டமா என்று ஆச்சரியப்படுவார்கள். அந்தக் கூட்டமும் வைத்தியத்தில் ஒரு பங்கு என்பதை அது இல்லாமல் போன நாளில்தான் நாம் எல்லாரும் பார்த்தோம்.

அந்த நாள் 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வந்தது. நம் மாநிலத்தின் முதல் கொரோனா மரணம் நம் மதுரையில்தான், ராஜாஜி அரசு ஆஸ்பத்திரியில், மார்ச் 25 அதிகாலையில் நேர்ந்தது. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய நாளும் அதுவே. அந்த வருஷம் உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு ஆலயக் கதவு திறக்கவில்லை. சித்திரை மாதத்தில் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. வைகைக் கரையில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுகிற நாளில் அந்த மணல் வெறுமையாய்க் கிடந்ததை நம் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஜூன் மாதத்தில் பரவை மார்க்கெட் வழியாகவும் நோய் பரவி, ஜூன் 24 முதல் ஜூலை 14 வரை மதுரைக்குத் திரும்பவும் முழு ஊரடங்கு போட்டார்கள்.

கொரோனா வார்டுகளில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. நோயாளியைத் தவிர வேறொருவரும் உள்ளே வரக்கூடாது. அது நியாயமான சட்டம். நோய் மூச்சுக்காற்றிலே பரவுகிறது. தடுப்பூசி அப்போது வரவில்லை. கவச உடை ஆஸ்பத்திரி ஊழியருக்கே போதவில்லை. துணைக்கு வந்தவரையும் உள்ளே விட்டிருந்தால் அவரும் மறுவாரம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பார். ஆகவே அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. நியாயமான அந்தச் சட்டத்தினால் உண்டான காலியிடத்தை யார் நிரப்பினார்கள் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த ஜூலையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் 91 காட்டியது. 95-க்குக் குறையக்கூடாது. எனக்கோ மூச்சுத் திணறல் அதிகமாகத் தெரியவில்லை, நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். இந்த நோயின் வஞ்சகமே அதுதான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ரத்தத்தில் பிராணவாயு குறைந்துகொண்டே போகும்; நோயாளியோ தான் சுகமாயிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். அவருக்கே தெரியாததை வேறொருவர் கண்டுபிடித்தால்தான் உண்டு.

ஆம்புலன்சில் என்னை ஏற்றினபோது என் மனைவியை ஏறவிடவில்லை. வீட்டு வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். போர்வையும் டிபன் பாக்ஸும் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு உள்ளேயே நின்றாள். அதற்கு முன்பு முப்பது வருஷமாக ஆஸ்பத்திரி வார்டுகளில் நான் நின்றுகொண்டு பேசுகிறவன். மற்றவர்கள் படுத்துக்கொண்டு கேட்கிறவர்கள். இப்போது நான் படுத்திருந்தேன். படுத்திருப்பவனுக்கு ஆஸ்பத்திரி வேறு விதமாகத் தெரிகிறது. மேலே சுற்றுகிற மின்விசிறி தெரியும். சுவர்க் கடிகாரம் தெரியாது. நாலைந்து நாள் போனால் இன்று என்ன கிழமை என்பதே குழம்பிவிடும்.

உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் வந்தார்கள். முகம் தெரியாது, கண் மட்டும் கண்ணாடிக்குள்ளே மங்கலாகத் தெரியும். யார் டாக்டர், யார் நர்ஸ் என்று தெரியவேண்டுமென்பதற்காக நெஞ்சிலே பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள். அந்த உடையைப் போட்டுக்கொண்டால், கழற்றுகிற வரைக்கும் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. மதுரை வெயிலில், பிளாஸ்டிக் உடைக்குள்ளே, ஆறு மணி நேரம்! கையுறைக்குள்ளிருந்து வேர்வை வடிந்ததை நானே பார்த்தேன். அந்தப் பிள்ளைகளுக்காக அன்று ஜெபித்ததுபோல் என் சொந்தப் பிள்ளைகளுக்காகவும் நான் ஜெபித்திருப்பேனோ தெரியாது.

அவர்கள் கையில் இருந்த வேலையையும் கேளுங்கள். ஆக்சிஜன் மாஸ்க் நழுவிவிடும். அதைச் சரியாக வைக்க வேண்டும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால் நுரையீரலின் பின்பக்கமும் நன்றாக விரியும் என்று டாக்டர்கள் அப்போது அதிகமாகச் செய்துவந்தார்கள். பருத்த சரீரமுள்ள ஒருவரைத் திருப்பிப் படுக்க வைக்க மூன்று பேர் வேண்டும். மூச்சு வாங்குகிறவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு ஸ்பூன் ஊட்டி, மாஸ்க்கைப் போட்டு, கொஞ்சம் பொறுத்து அடுத்த ஸ்பூன் ஊட்ட வேண்டும். ஒரு டம்ளர் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வயதானவர்களுக்கு ராத்திரியில் புத்தி தடுமாறும். வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்துவிடுவார்கள். மற்ற நாட்களில் இதையெல்லாம் மனைவியும் மகனும் மருமகளும் செய்வார்கள். இப்போது ஒரு நர்ஸ் இருபது பேருக்கும் மனைவியாக, மகனாக, மருமகளாக இருக்க வேண்டியிருந்தது.

என் பக்கத்துக் கட்டிலில் மேலூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் இருந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். பெரியாறு கால்வாய்த் தண்ணீரை நம்பி வெள்ளாமை செய்கிற குடும்பம். பேச்சு தெளிவாயிருந்தபோதெல்லாம், "தண்ணி தொறந்துட்டாகளா?" என்றுதான் கேட்பார். அவரிடத்தில் போன் கிடையாது. அவருடைய வீட்டம்மாவுக்கோ போன் பண்ணவும் தெரியாது. அடுத்த வீட்டுப் பையனுடைய போனுக்குத்தான் கூப்பிட வேண்டும்.

அந்த வார்டில் கூட்டித் துடைக்கிற ஒரு சகோதரி வருவார்கள். ஒப்பந்தக் கூலி. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். நோயைக் கொண்டுபோய்விடக் கூடாதென்று அவர்களைத் தாயாரிடம் விட்டுவிட்டு இரண்டு மாதமாகத் தனியாகப் படுத்திருந்தார்கள். தரையைத் துடைப்பதும் குப்பைப் பையைக் கட்டுவதும்தான் அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்த வேலை. ஆனால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின், தன் சொந்தப் போனைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொண்டுவந்து, அந்த அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, பெரியவர் காதண்டை வைப்பார்கள்.

"ஏங்க, கேக்குதா? செவலை கன்னு போட்டுருச்சுங்க. கெடேரிக் கன்னு."

பெரியவர் மாஸ்க்குக்குள்ளிருந்தே ஏதோ சொல்வார். எங்களுக்கு விளங்காது. அந்தச் சகோதரி போனை எடுத்து, "ஆத்தா, தண்ணி தொறந்தாச்சான்னு கேக்குறாரு" என்பார்கள். "இன்னும் தொறக்கலன்னு சொல்லு தாயி. தொறக்கங்குள்ள வந்துருவாருன்னு சொல்லு."

எட்டாம் நாள் ராத்திரி பெரியவருக்கு மோசமாகிவிட்டது. டாக்டர்கள் வந்து தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். அன்று அந்தச் சகோதரிக்கு இரவு வேலை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் என் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன், இறங்க முடியவில்லை, என் மூக்கிலும் குழாய் இருந்தது. அங்கிருந்தபடியே மெதுவாக ஜெபித்தேன். "அப்பா, நான் இருக்கேன்ப்பா, நான் இருக்கேன்" என்று அந்தச் சகோதரி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். விடிகிற வேளையில் அவர் போய்விட்டார். சரீரத்தைப் பையில் சுற்றி மின்மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அந்த அம்மாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

கர்த்தருடைய கிருபையால் நான் பிழைத்தேன். சில மாதங்கள் கழித்து, கால்வாயில் தண்ணீர் போகிற காலத்தில், விலாசம் விசாரித்து அந்த ஊருக்குப் போனேன். அந்த அம்மா மாட்டுக் கொட்டத்திலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். என்ன மருந்து கொடுத்தார்கள், எவ்வளவு செலவு, யார் மேல் குற்றம் என்று ஒன்றையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள்.

"ஐயா, கடைசியில பக்கத்துல ஆள் இருந்துச்சா?"

"இருந்தாங்கம்மா. கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றேன். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "அது போதும்யா" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, காப்பி போட எழுந்து போனார்கள்.

அன்பானவர்களே, அந்த "இருந்தாங்கம்மா" என்ற ஒரு வார்த்தையை நான் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது. அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. தமிழ்நாட்டில் மட்டும் அரசாங்கக் கணக்குப்படியே 38 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இந்த நோயில் மரித்தார்கள்.

வேதத்தில் இரண்டு வியாதியஸ்தரை நாம் பார்க்கிறோம். இருவரும் நடக்க முடியாதவர்கள். மாற்கு சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்தில் வருகிறவனுக்கு நாலு பேர் துணை. கூட்டத்தைக் கண்டு அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து அவனை இறக்கினார்கள். யோவான் சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தில் வருகிறவனோ 38 வருஷமாக வியாதிக்காரன். பெதஸ்தா குளத்தண்டை படுத்திருக்கிறான். குளம் இருக்கிறது, ஐந்து மண்டபம் இருக்கிறது, சுகம் கிடைக்கும் என்ற பேரும் இருக்கிறது. அவன் ஆண்டவரிடத்தில் சொல்லுகிற குறை ஒன்றுதான்: தன்னைத் தூக்கிக் கொண்டுபோய் இறக்க ஓர் ஆள் இல்லை என்பது. கட்டடம் இல்லையென்று அவன் சொல்லவில்லை. ஆண்டவர் அவன் படுத்திருந்த இடத்துக்கே போனார்.

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டாம் அலை வந்தபோதும் இதையே பார்த்தோம். மே 21 அன்று ஒரே நாளில் மாநிலத்தில் 36 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது. எங்கே பார்த்தாலும் ஆக்சிஜன் என்கிற பேச்சுத்தான். பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 7,000 லிட்டர் பிடிக்கும். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் வாங்குகிற நோயாளிக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அது தீர்ந்துவிடும். சபைகளும் சங்கங்களும் வெளிநாட்டிலுள்ள நம் பிள்ளைகளும் கொடுத்தார்கள், அதினால் அநேகர் பிழைத்தார்கள், தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் சிலிண்டர் நிறைய இருந்தாலும், ராத்திரி இரண்டு மணிக்கு மாஸ்க் நழுவிவிட்டால் அதை எடுத்து வைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை இல்லையென்றால் சிலிண்டரால் பிரயோஜனமில்லை.

இப்போது சிலர் கேட்கலாம்: "ஐயா, அதெல்லாம் முடிந்து போன கதைதானே?" உண்மைதான். ராஜாஜி ஆஸ்பத்திரியில் முதல் மரணம் நேர்ந்து பத்து மாதத்துக்குள், 2021 ஜனவரி 16 அன்று, அதே ஆஸ்பத்திரியில்தான் தமிழ்நாட்டின் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசர நிலை முடிந்ததென்று அறிவித்தது. வார்டுகளில் மறுபடியும் பாயும் தூக்குச்சட்டியும் வந்துவிட்டன.

ஆனால் துணையில்லாத நோயாளி போய்விடவில்லை. அன்று சட்டம் துணையை வெளியே நிறுத்தியது. இன்று வேறு காரணங்களால் துணை இல்லாமல் போகிறது. மகன் துபாயில், மகள் அமெரிக்காவில் என்று இருக்கிற பெற்றோர் வருகிறார்கள்; பணம் வந்துவிடுகிறது, ஆள் வர முடியவில்லை. காச நோய் என்று தெரிந்ததும் வீட்டார் ஒதுக்கிவிட்டவர்கள் வருகிறார்கள். விதவைகள் வருகிறார்கள். அன்றாடக் கூலி வேலைக்குப் போகிற மகன், "நான் இங்கே உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாதே ஐயா" என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டால், இவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

நம்முடைய ஜனங்கள் தாராளமாய்க் கொடுக்கிறவர்கள். ஆனால் ஒரு காரியத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டில் கொடுத்தால் கட்டிலில் பெயர் எழுதலாம். மின்விசிறியின் இறக்கையில் எழுதலாம். டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை முழு நீளத்துக்கும் எழுதி, வெளிச்சம் வர இடமில்லாமல் போன கதையும் நமக்குத் தெரியும். ராத்திரி முழுவதும் ஒரு பெரியவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கையில் நம்முடைய பெயரை எழுத முடியாது. ஆகையால்தானோ என்னவோ, அந்தச் சம்பளத்துக்குக் காணிக்கை குறைவாக வருகிறது.

மூன்று காரியங்களை உங்கள் முன்வைக்கிறேன். முதலாவது, துணையில்லாத நோயாளிக்குத் துணையாயிருக்கப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் வேண்டும். அவர்களுக்கு ஏனோதானோ கூலி அல்ல, குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் வேண்டும். இரண்டாவது, நோயாளியும் வீட்டாரும் பேசிக்கொள்ள வார்டுக்கு ஒரு போன், அதைப் பிடித்துக் காட்ட ஓர் ஆள். இன்னொரு கொள்ளை நோய் வருமானால் முதல் நாளே இது ஆயத்தமாயிருக்க வேண்டும். மூன்றாவது, வெளியூரிலிருந்து துணைக்கு வருகிற ஏழைகள் இரவில் தலைசாய்க்க ஒரு கூடமும், குளிக்கத் தண்ணீரும், காலையில் ஒரு வேளைக் கஞ்சியும். துணைக்கு வந்தவர் விழுந்துவிட்டால் நோயாளியும் விழுந்துவிடுவார்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் நேரம் கொடுக்கலாம். வாலிபர் சங்கத்தாரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் வாரத்தில் ஒரு மாலை வந்து, சாப்பாடு ஊட்டவும், கடிதம் வாசித்துக் காட்டவும், வெறுமனே பக்கத்தில் உட்காரவும் செய்யலாம். வரும்போது நீண்ட பிரசங்கம் வேண்டாம். படுத்திருக்கிறவருக்கு இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள். வெளியே மழை பெய்ததா என்று சொல்லுங்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கேட்டுக்கொண்டால் ஜெபியுங்கள்.

அந்தத் துப்புரவுச் சகோதரி நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் அந்தப் பெரியவருடைய சாதி என்ன என்று கேட்கவில்லை. எரிகோவுக்குப் போகிற வழியில் காயப்பட்டுக் கிடந்தவனுக்குப் பிறனாயிருந்தவன் யார் என்று ஆண்டவர் கேட்டபோது, பதில் நாம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. இன்றும் அப்படியே வருகிறது.

நம் ஆஸ்பத்திரியின் பதிவு மேஜையில் "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு ஒருவர் தலை குனிந்து நின்றால், "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லத்தக்கதாக நாம் ஆயத்தமாயிருப்போம். அதற்காகவே உங்கள் ஜெபத்தையும் காணிக்கையையும் கேட்கிறேன். கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் சுகத்தோடும் சமாதானத்தோடும் காத்துக்கொள்வாராக. ஆமென்.